டப்ளின் மதுக்கடையும் ஆபி நாடக மேடையும்

அயர்லாந்தின் நாடக சரித்திரத்தில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரண்டு பெருங்கலகங்கள் நிகழ்ந்தன. முதலாவது 1907ஆம் வருஷம் ஜனவரி மாதக் கடைசியில் மூண்டது. இரண்டாவது 1926ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மூண்டது. இரண்டும் டப்ளின் நகரத்து ஆபி தியேட்டர் என்னும் ஒரே நாடகசாலையில் நடந்தன. முதல் நாடகத்தை அதன் ஆசிரியரே ஹாஸ்ய நாடகம் என்று பெயரிட்டு அளித்திருந்தார். இரண்டாவதைத் துன்பியல் என்று ஆசிரியர் குறித்திருந்தபோதிலும், அதன் முற்பகுதி முழுவதும் சபையினர் விலாப் புடைக்கச் சிரிக்கும்படியே அமைந்திருந்தது. இவ்விரண்டுக்கும் பொதுவான அம்சம் இன்னொன்று உண்டு. முதல் நாடகம் தொடக்கம் முதல் முடிவு வரையில் ஒரு மதுக்கடைக்குள் நடக்கிறது. இரண்டாவது நாடகத்தில் கலகத்துக்குக் காரணமாயிருந்த அங்கம் ஒரு மதுக்கடைக்குள் நடக்கிறது. பெண்ணின் மானம், தேசத்தின் கொடி, தியாகியின் வாக்கு, திருச்சபையின் கட்டளை ஆகிய புனிதப் பொருள்களை மதுக் கோப்பைகளுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தலாமா என்பதுதான் அன்று எழுந்து நின்று கூச்சலிட்டவர்களின் உள்ளத்தில் எரிந்துகொண்டிருந்த கேள்வி. அந்தக் கேள்வி நியாயமற்ற கேள்வி அன்று. ஆனால் அதற்கு நேர்மையான விடை காண வேண்டுமானால், அந்நாட்டு ஏழை ஜனங்களுக்கு மதுக்கடை என்பது என்னவாக இருந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கள்ளுண்ணாமைக்கென்று தனி அதிகாரமே வகுத்த நீதி நூலைப் பாராயணம் செய்து வளர்ந்த நமக்கு, மதுக்கடை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பது இயல்பு. அந்த அருவருப்பை விட்டுவிடும்படி நான் யாரையும் கேட்கவில்லை. அயர்லாந்திலும் குடியினால் அழிந்த குடும்பங்களுக்குக் கணக்கில்லை. நான் சொல்லப்போகும் நாடகாசிரியர்கள் அதை மறைத்தவர்களும் அல்லர். ஆயினும் அந்நாட்டு 'பப்' என்னும் ஸ்தாபனம் வெறும் குடிப்பதற்கான இடமாக மட்டும் இருந்ததில்லை. கிராமங்களில் ஒரே கூரையின் கீழ், ஒரு பக்கம் தேயிலையும் சர்க்கரையும் ஆணியும் கயிறும் விற்கும் மளிகையும், மறு பக்கம் பீரும் விஸ்கியும் ஊற்றும் மேஜையுமாக அது நடந்தது. பல ஊர்களில் கடைக்காரரே சவப்பெட்டியும் வண்டியும் ஏற்பாடு செய்து கொடுத்து இறுதிச் சடங்கையும் நடத்திவைப்பவராக இருந்தார். டப்ளின் நகரத்திலோ, 1914ஆம் வருஷத்து அரசாங்க விசாரணையின்படி, 20,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒரே அறைக்குள் வாழ்ந்துகொண்டிருந்தன. சமைப்பதும் படுப்பதும் பிறப்பதும் இறப்பதும் அந்த ஒரு அறைக்குள்ளேயே நடந்தபோது, நண்பன் ஒருவனை உட்கார வைத்துப் பேசுவதற்குத் தெரு முனையில் இருந்த மதுக்கடையைத் தவிர வேறு கூடம் அவர்களுக்கு இல்லை.

அந்தக் கடையின் அமைப்பையும் சற்று கவனிக்க வேண்டும். நீண்ட மர மேஜை, அதன் பின்னால் கடைக்காரர், அவர் முதுகுப்புறம் கண்ணாடியும் குப்பிகளும். இவை எங்கும் இருப்பவை. ஐரிஷ் கடைக்கு உரிய விசேஷம் 'ஸ்னக்' என்னும் சிறு அறை. மேஜையின் ஒரு கோடியில் ஆள் உயரத்துக்கு மரப் பலகையால் தடுத்து, உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவும், கடைக்காரரிடமிருந்து கோப்பையை வாங்கிக்கொள்ள ஒரு சிறு சாளரமும் வைத்து அதை அமைத்திருப்பார்கள். பொது இடத்தில் குடிப்பது இழுக்கு என்று கருதப்பட்ட பெண்களும், உத்தியோக உடுப்பில் இருக்கும் போலீஸ்காரரும், ஏன், சில சமயங்களில் பாதிரியாரும் அந்தத் தடுப்புக்குப் பின்னால் அமர்ந்து, தாங்கள் விரும்பியதை அருந்திப் போவார்கள். பலகைக்கு அப்புறம் யார் இருக்கிறார் என்று தெரிந்தாலும் தெரியாததுபோல் இருந்துவிடுவதே அங்கு மரியாதை.

திருச்சபைக்கும் மதுக்கடைக்கும் இருந்த உறவு நேரான பகைமையாகவும் இருந்ததில்லை, நேரான சமாதானமாகவும் இருந்ததில்லை. 1838ஆம் வருஷம் ஏப்ரல் 10ஆம் தேதி, கார்க் நகரத்தில் தியோபால்ட் மாத்யூ என்னும் கப்பூச்சின் துறவி பூரண மதுவிலக்கு இயக்கத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் பல லட்சம் ஜனங்கள் அவர் முன்னால் முழந்தாளிட்டு, இனி மதுவைத் தொடுவதில்லை என்று பிரதிக்ஞை செய்தார்கள். பின்னால் வந்த கொடும் பஞ்சத்திலும் பரதேசப் பிரயாணத்திலும் அந்த இயக்கம் சிதறிப் போயிற்று. மறுபடியும் 1898இல், டப்ளின் நகரத்துக் கார்டினர் வீதித் தேவாலயத்தில், ஜேம்ஸ் கல்லன் என்னும் யேசு சபைக் குரு நான்கு பெண்மணிகளைக் கொண்டு 'பயனீயர்' சங்கத்தை ஆரம்பித்தார். திரு இருதயச் சின்னத்தை மார்பில் குத்திக்கொண்ட அதன் அங்கத்தினர்கள் நாடெங்கும் பரவினார்கள். இதற்கிடையில் சட்டமும் தன் பங்குக்குக் குறுக்கிட்டது. 1878ஆம் வருஷத்துச் சட்டம் ஐந்து நகரங்கள் நீங்கலாக மற்றெல்லா இடங்களிலும் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூடச் செய்தது. ஆனால் மூன்று மைலுக்கு அப்பாலிருந்து வந்த மெய்யான பிரயாணிக்குத் தாகசாந்தி செய்யலாம் என்று ஒரு விலக்கும் இருந்தது. அதன் பலனாக, தன் ஊர்க் கடையை விட்டு அடுத்த ஊர்க் கடைக்கு நடந்து போய், அங்கே பிரயாணியாக அமர்ந்து குடித்துவிட்டுத் திரும்பும் வழக்கம் நாடெங்கும் ஏற்பட்டது. பூசைக்குப் போய் வந்த அதே கால்களோடு, பக்தி சிரத்தையில் எவ்விதக் குறைவும் இல்லாமல், ஜனங்கள் இந்தப் பிரயாணத்தையும் மேற்கொண்டார்கள்.

இத்தகைய ஜனங்களின் வாழ்க்கையை மேடைக்குக் கொண்டுவருவதற்கென்றே ஆபி தியேட்டர் பிறந்தது. மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்னும் பழைய தொழிலாளர் மன்றத்தின் நாடகசாலையையும், அதை அடுத்திருந்த நகரப் பிணக் கொட்டடியையும் வாங்கி ஒன்றாக்கிக் கட்டிய கட்டடம் அது. 562 பேர் உட்காரக்கூடியது. பணம் கொடுத்தவர் ஆனி ஹார்னிமன் என்னும் இங்கிலாந்துத் தேயிலை வியாபாரக் குடும்பத்துப் பெண்மணி. அவர் அயர்லாந்தில் வசிப்பவர் அல்லாததால், நாடகம் நடத்தும் உரிமைப் பத்திரம் கிரெகரி சீமாட்டியின் பெயரில் வழங்கப்பட்டது. 1904ஆம் வருஷம் டிசம்பர் 27ஆம் தேதி திரை எழுந்தது. கவி யேட்ஸ், கிரெகரி சீமாட்டி, ஜான் மில்லிங்டன் சிங் ஆகிய மூவருமே அதன் ஆரம்ப காலத்து இயக்குநர்கள். மூவரும் புராட்டஸ்டண்டு குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்கள் எழுதியதோ பெரும்பாலும் கத்தோலிக்கக் குடியானவர்களைப் பற்றி. பின்னால் எழுந்த சந்தேகங்களுக்கும் கோபங்களுக்கும் இந்த வேறுபாடு ஒரு பெருங்காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அவர்களில் கிரெகரி சீமாட்டி சிநேகத்தைப் பற்றி ஒரு சிறு நாடகம் எழுதினார். 1908இல் அரங்கேறிய அதன் களம் மதுக்கடை அன்று, ஏழைகள் விடுதி. அங்கே அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருக்கும் இரண்டு கிழவர்கள் விடிந்தால் சண்டை, பொழுது சாய்ந்தால் சண்டை என்று காலம் தள்ளுகிறார்கள். ஒருவனுடைய சகோதரி வந்து, தன் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சுகமாக வைத்துக்கொள்வதாகச் சொல்கிறாள். அவனோ, பக்கத்துக் கட்டில்காரனையும் சேர்த்து அழைத்துப் போவதானால் வருகிறேன் என்கிறான். அவள் மறுத்துவிட்டுப் போகிறாள். அவள் வாசலைத் தாண்டியதும் கிழவர்கள் இருவரும் பழையபடி சண்டையைத் தொடங்கி, தலையணைகளை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொள்கிறார்கள். ஐரிஷ் மேடையின் பிற்கால மதுக்கடைச் சிநேகங்களுக்கெல்லாம் இலக்கணம் இதிலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அன்பை வாயால் சொல்வது அவர்களுக்கு வழக்கமில்லை. விட்டுப் போகாமல் இருந்து சண்டை போடுவதே அவர்கள் அன்பைக் காட்டும் வழி.

சிங் எழுதிய 'மேற்கு உலகத்து வீரவாலிபன்' என்று நாம் அழைக்கக்கூடிய நாடகம் 1907 ஜனவரி 26ஆம் தேதி சனிக்கிழமை இரவு அரங்கேறியது. மேயோ பிரதேசத்துக் கடற்கரையில் தன்னந்தனியாக நிற்கும் ஒரு மதுக்கடை. அதன் சொந்தக்காரன் மைக்கேல் ஜேம்ஸ். அவன் மகள் பெகீன். தன் தகப்பனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, பயந்து நடுங்கி வந்து சேரும் கிறிஸ்டி என்ற வாலிபனை ஊரார் வீரனாகக் கொண்டாடுகிறார்கள் என்பது கதை. தகப்பனைக் கொன்று ஓடிவந்த ஒருவனைப் பற்றிய வரலாற்றை சிங் ஆரன் தீவுகளில் கேட்டு அறிந்திருந்தார். நாடகத்தில் என்னைக் கவர்வது அந்தக் கடையின் சட்ட நுணுக்கம். போலீஸ் இங்கே அடிக்கடி வருமா என்று கிறிஸ்டி விசாரிக்கும்போது, மைக்கேல், தன் வாசலில் உரிமப் பலகை எழுதியிருப்பதையும், நாலு மைல் சுற்றளவில் வேறு கௌரவமான வீடே இல்லாதபடியால் ஒரே ஒரு கைம்பெண்ணைத் தவிரத் தன்னிடம் வரும் சகல கிறிஸ்தவர்களும் மெய்யான பிரயாணிகளே என்பதையும் கம்பீரமாக எடுத்துரைக்கிறான்.

அதே கடையில் விசுவாசம் எப்படி இருக்கிறது என்பதையும் சிங் காட்டுகிறார். பெகீனை மணக்கக் காத்திருக்கும் ஷான் கியோ, இரவில் அவளுக்குத் துணையாகக் கடையில் தங்கும்படி சொல்லப்பட்டதும், ரைலி பாதிரியார் என்ன சொல்வாரோ என்று நடுங்கி, பிடித்து நிறுத்த முயலும் மைக்கேலின் கையில் தன் மேலங்கியை விட்டுவிட்டு வாசல் வழியே ஓடிவிடுகிறான். மைக்கேலும் அவனுடைய பழைய தோழர்களுமோ ஊரில் இறந்துபோன ஒரு மாதின் சவக் காவலுக்குப் போய், அங்கே தாராளமாக வழங்கப்பட்ட மதுவைக் குடித்து, கல்லறைக் கற்களின் மேல் எத்தனை பேர் நினைவிழந்து கிடந்தார்கள் என்பதை மறுநாள் பெருமையோடு வர்ணிக்கிறார்கள். இறந்தவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை குறைவின்றி நடந்தது என்பதற்கு அவர்களுக்கு அதுவே சாட்சி.

முதல் இரண்டு அங்கங்களைச் சபை ரசித்தது. மூன்றாம் அங்கத்தில், பெண்கள் உள்ளாடையோடு நிற்பதைக் குறிப்பிட்டு கிறிஸ்டி ஒரு வார்த்தை சொல்லப்போக, சபை குமுறி எழுந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் சொற்பொழிவு செய்துகொண்டிருந்த யேட்ஸுக்கு கிரெகரி சீமாட்டி முதலில் வெற்றி என்று ஒரு தந்தியும், பிறகு கலகம் என்று மற்றொரு தந்தியும் அனுப்பினார். அடுத்த வாரம் முழுவதும் போலீஸ் பாதுகாப்புடன், பெரும்பாலும் ஒரு வார்த்தையும் காதில் விழாத இரைச்சலுக்கு நடுவில், நடிகர்கள் விடாமல் நடித்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அமெரிக்கா சென்றபோது நியூயார்க்கில் மேடை மேல் உருளைக்கிழங்குகள் வந்து விழுந்தன. பிலடெல்பியாவில் நடிகர்களைக் கைதே செய்தார்கள். ஆசிரியர் சிங் அதைக் காண இல்லை. 1909 மார்ச்சில், 37ஆவது வயதில், அவர் மறைந்துவிட்டார்.

அன்று அந்நாடகத்தைக் கடிந்து எழுதியவர்களில் பாட்ரிக் பியர்ஸ் என்னும் இளம் பத்திரிகாசிரியரும் ஒருவர். 1913இல் அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, சிங் தேசத்தை உண்மையாக நேசித்தவர் என்றும், அவரைத் தூற்றியது நமது பிழை என்றும் பகிரங்கமாக எழுதியது அவருடைய பெருந்தன்மைக்குச் சான்று. அதே 1913ஆம் வருஷம் மே மாதம், பியர்ஸ் நடத்திவந்த புனித எண்டா பள்ளியின் நிதிக்காக ஆபி தியேட்டரில் இரண்டு நாடகங்கள் நடந்தன. ஒன்று பியர்ஸ் ஐரிஷ் மொழியில் எழுதியது. மற்றொன்று நம் ரவீந்திரநாத தாகூரின் 'தபால் நிலையம்'. பாரதத்துக்கும் அந்த மேடைக்கும் உள்ள தொடர்பு இவ்வளவோடு நிற்கவில்லை. ஆபி தியேட்டருக்கு முன்னோடியான நாடகக் குழுவினர் 1902இல் நடித்த நாடகங்களில் ஒன்றை எழுதிய ஜேம்ஸ் கஸின்ஸ், 1915இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்து, 'நியூ இந்தியா' பத்திரிகையில் பணியாற்றினார். மறு வருஷம் டப்ளினில் பியர்ஸின் தலைமையில் புரட்சி வெடித்தபோது அதைப் புகழ்ந்து எழுதியதற்காக அந்தப் பணியை இழந்து, மதனப்பள்ளிக் கல்லூரிக்கு ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார்.

பியர்ஸ் 1916 மே 3ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து ஆண்டுகள் கழித்து அவருடைய வாக்குகள் ஆபி மேடையில் ஒரு மதுக்கடை ஜன்னல் வழியாகக் கேட்டன. அவற்றை அப்படிக் கேட்கச் செய்தவர் ஷான் ஓகேஸி.

ஓகேஸி 1880இல் டப்ளின் நகரத்தில் ஓர் ஏழை புராட்டஸ்டண்டு குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயது முதல் கண்ணோயால் அவதியுற்று, பள்ளிப் படிப்பு சரியாகக் கிடைக்காமல், ரயில்வேயிலும் பிற இடங்களிலும் கூலி வேலை செய்து, நாற்பது வயதைத் தாண்டிய பிறகே மேடை ஏறியவர். 1924இல் நடந்த அவருடைய 'ஜூனோவும் மயிலும்' நாடகத்தில் வரும் காப்டன் பாயிலும் ஜாக்ஸரும் மதுக்கடைச் சிநேகத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறார்கள். வேலை ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னவுடன் பாயிலுக்குக் கால் வலி வந்துவிடும். தனக்கு வேலை தேடித்தரத் துணிந்த பாதிரியாரைப் பற்றி, இந்த நாட்டில் குருமாருக்கு அதிகாரம் மிதமிஞ்சிவிட்டது என்று அவன் முழங்குகிறான், ஜாக்ஸர் ஆமோதிக்கிறான். பிறகு ஆஸ்தி வரப்போகிறது என்ற செய்தி கிடைத்ததும் அதே பாதிரியாரைப் பற்றி யாரும் அவமரியாதையாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது என்கிறான். ஜாக்ஸர் அதையும் அப்படியே ஆமோதிக்கிறான். சபை சிரிக்கிறது. ஆனால் கடைசிக் காட்சியில், மகன் சுட்டுக் கொல்லப்பட்டதையும் மனைவியும் மகளும் வீட்டை விட்டுப் போனதையும் அறியாமல், சாமான்கள் எல்லாம் போய்விட்ட வெற்று அறைக்குள் இருவரும் தள்ளாடி வந்து நிற்கும்போது, அந்தச் சிரிப்பே நம்மைச் சுடுகிறது. ஒருவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவன் அவனுக்குச் சிநேகிதன் ஆகமாட்டான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நீதி நூலும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

'கலப்பையும் நட்சத்திரங்களும்' 1926 பிப்ரவரி 8ஆம் தேதி அரங்கேறியது. கலப்பையும் நட்சத்திரங்களும் பொறித்த கொடி ஐரிஷ் தொழிலாளர் படையின் கொடி; அந்தப் படைக்கு ஒரு காலத்தில் ஓகேஸியே காரியதரிசியாக இருந்தார் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஒத்திகையின்போதே தொல்லைகள் ஆரம்பித்துவிட்டன. முந்திய வருஷம்தான் புதிய அரசாங்கம் நாடகசாலைக்கு 850 பவுன் மானியம் கொடுத்திருந்தது. அரசாங்கம் நியமித்த இயக்குநர் பல வரிகளை ஆட்சேபித்தார். இரண்டாம் அங்கத்தின் முடிவில் இருந்த ஒரு பாட்டு நீக்கப்பட்டது. பத்துக் கட்டளைகளைக் குறிப்பிடும் ஒரு வாக்கியத்தைச் சொல்ல மாட்டேன் என்று ஒரு நடிகை தம் குருவைக் கலந்தாலோசித்துவிட்டு மறுத்து, வேறு சிறு பாத்திரத்துக்கு மாறிக்கொண்டார்.

அந்த இரண்டாம் அங்கத்துக்குள் நாம் சற்று நின்று பார்ப்போம். காலம் 1915ஆம் வருஷத்துக் கடைசி. கடைக்கு வெளியே பெரிய கூட்டம். ஜன்னல் கண்ணாடியில் ஒரு பேச்சாளரின் நிழல் உருவம் தோன்றித் தோன்றி மறைகிறது. அவர் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் இரத்தம் சிந்துதலைப் புனிதமாக்கும் அந்த வாக்கியங்கள் பியர்ஸினுடையவை என்பதைச் சபையில் அறியாதவர் இல்லை. கடைக்குள்ளே, கூட்டத்தால் தன் வியாபாரம் கெட்டதென்று கடைக்காரனிடம் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறாள் ரோஸி என்னும் விலைமாது. மதுவை அடியோடு விட்டுவிட்டதாக முதல் அங்கத்தில் அறிவித்த ஃப்ளதர் என்னும் தச்சன், பேச்சைக் கேட்ட உற்சாகத்தில் தாகம் தாங்காமல் உள்ளே வருகிறான். கோவி என்னும் இளைஞன் கார்ல் மார்க்ஸ் மதிப்பையும் உற்பத்திச் செலவையும் பற்றி என்ன சொன்னார் என்று அவனை மடக்குகிறான். அந்நியர்கள் பின்னால் போய்ப் புத்தியைப் பறிகொடுக்கத் தான் தயாரில்லை என்கிறான் ஃப்ளதர். இவர்கள் இருவருக்கும் முதல் அங்கத்திலேயே ஆதாமைப் பற்றியும் அணுக்களைப் பற்றியும் பெருவிவாதம் நடந்திருக்கிறது. வேத சாஸ்திரமும் அறியாமல், பௌதிக சாஸ்திரமும் அறியாமல், மனத்தில் மட்டும் தீராத தாபத்தோடு ஏழைகள் இப்படிக் கடவுளைப் பற்றி வழக்காடுவதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பில் இளப்பம் சிறிதும் இல்லாதபடி எழுதியதே ஓகேஸியின் மகத்துவம்.

இன்னொரு பக்கம் இரண்டு பெண்கள். கோகன் அம்மாள் கத்தோலிக்கப் பெண், கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். பெஸ்ஸி பர்ஜஸ் புராட்டஸ்டண்டு, ராஜ விசுவாசி, அவள் மகன் ஐரோப்பிய யுத்த களத்தில் பிரிட்டிஷ் படையில் இருக்கிறான். மதத்தில் தொடங்கிய அவர்களுடைய வாக்குவாதம் ஒருத்தியின் கற்பில் வந்து நிற்கிறது. கைகலக்கும் தருணத்தில் கோகன் அம்மாள் குழந்தையை அங்கிருந்த பீட்டர் என்னும் கிழவனிடம் திணிக்கிறாள். அவன் அதைக் கீழே தரையில் வைத்துவிடுகிறான். கடைக்காரன் பெண்கள் இருவரையும் வெளியே தள்ளிய பிறகு பார்த்தால், மதுக்கடைத் தரையில் குழந்தை கிடக்கிறது. யாருக்கும் அதை எடுக்கத் துணிவில்லை. கடைசியில் பீட்டரே அதைத் தூக்கிக்கொண்டு தாயைத் தேடி ஓடுகிறான். சற்று நேரத்தில் படை உடுப்பணிந்த மூன்று வாலிபர்கள் மூவர்ணக் கொடியையும் கலப்பைக் கொடியையும் ஏந்தியபடியே உள்ளே வந்து, அவசரமாகக் குடித்து, தாயையும் மனைவியையும்விடத் தேசமே பெரிது என்று சபதம் செய்கிறார்கள்.

நான்காம் நாள் இரவு, பிப்ரவரி 11ஆம் தேதி, சபை கொந்தளித்தது. எதிர்ப்புக்குத் தலைமை வகித்தவர் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் அம்மையார். 1916இல் விசாரணையின்றி ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் உத்தரவால் சுடப்பட்ட சமாதானவாதி ஒருவரின் மனைவி. பத்தே ஆண்டுகளுக்கு முன் மாண்டவர்களின் கொடியை விலைமாது நிற்கும் மதுக்கடையில் கண்டு அவர் உள்ளம் கொதித்ததைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. மேடை மேல் ஏறியவர்களோடு நடிகர்கள் கைகலந்தார்கள். ஃப்ளதராக நடித்த பாரி ஃபிட்ஸ்ஜெரால்டும் தம் கை வலிமையைக் காட்டினார். யேட்ஸ் மேடைக்கு வந்து, மறுபடியும் உங்களுக்கு நீங்களே இழுக்குத் தேடிக்கொண்டீர்கள் என்று சபையைக் கண்டித்துப் பேசினார். சில வாரங்களுக்குப் பின் ஓகேஸியும் அந்த அம்மையாரும் ஒரே மேடையில் பகிரங்க விவாதம் நடத்தினார்கள். அவ்வருஷமே ஓகேஸி இங்கிலாந்து போனார். அங்கேயே 1964இல் காலமாகும் வரை வாழ்ந்தார்.

எழுந்து போனவர்கள் மூன்றாம் நான்காம் அங்கங்களை அமைதியாகக் கேட்டிருந்தால், மதுக்கடையை ஆசிரியர் ஏன் காட்டினார் என்பதற்கு விடை கிடைத்திருக்கும். புரட்சி வாரத்தில் ஜன்னலிலிருந்து ராஜ விசுவாசப் பாட்டுப் பாடிப் பரிகசிக்கும் பெஸ்ஸி, கோகன் அம்மாளின் க்ஷயரோகப் பெண் மால்சர் வாசலில் தனியே உட்கார்ந்திருக்கும்போது, ஒரு வார்த்தையும் பேசாமல் பால் குவளையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். கடைத் தரையில் குழந்தையை விட்டுச் சண்டையிட்ட அதே இரண்டு பெண்களும் ஒரே தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு கொள்ளையடிக்கப் போகிறார்கள். அதையும் ஓகேஸி மறைக்கவில்லை. கடையில் சபதம் செய்த வாலிபர்களில் ஒருவனுடைய மனைவியான நோராவை ஃப்ளதர் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தேடிக் கொண்டுவந்து சேர்க்கிறான். ஜாடி நிறைய விஸ்கியைக் கொள்ளையடித்துக் குடித்துப் புரள்கிறான். மால்சர் இறந்ததும் உயிரைப் பணயம் வைத்து அவளுடைய அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிறான். சித்தம் கலங்கிய நோராவை மூன்று இரவுகள் கண்விழித்துக் காத்த பெஸ்ஸி, அவளை ஜன்னலிலிருந்து இழுத்து அப்புறப்படுத்தும்போது குண்டடிபட்டு, வலியில் அவளைச் சபித்து, பிறகு தன் தேவாலயத்துக் கீதத்தைப் பாடிக்கொண்டே உயிர் விடுகிறாள். அந்தப் புராட்டஸ்டண்டுப் பிரேதத்தின் முகத்தை மூடுபவள் கத்தோலிக்கக் கோகன் அம்மாள். நோராவை அழைத்துப் போய், இறந்த தன் மகளின் படுக்கையில் படுக்க வைப்பவளும் அவளே. மதுக்கடையில் அவர்களுடைய வாய்ச் சண்டையாக நாம் கேட்ட விசுவாசம் இங்கே செயலாக நிற்கிறது. அந்தக் கடையைக் காட்டாதிருந்தால் இதை நாம் நம்பியிருக்க மாட்டோம்.

பிற்காலச் சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1927ஆம் வருஷத்துச் சட்டம் டப்ளின் முதலிய நகரக் கடைகளைப் பிற்பகலில் ஒரு மணி நேரம் மூடச் செய்தது. ஜனங்கள் அதற்குப் புனித நாழிகை என்று பெயர் வைத்தார்கள். பெரிய வெள்ளிக்கிழமையன்று கடையடைப்பு 2018 வரையில் நீடித்தது. ஃப்ளதராகவும் காப்டன் பாயிலாகவும் நடித்த ஃபிட்ஸ்ஜெரால்ட் ஹாலிவுட்டுக்குப் போய், 1944ஆம் வருஷத்துப் படம் ஒன்றில் முதிய பாதிரியாராக நடித்ததற்காக ஆஸ்கர் பரிசு பெற்றார். பழைய ஆபி தியேட்டர் 1951 ஜூலையில் தீக்கிரையாயிற்று. அன்று இரவு நடந்த நாடகம் 'கலப்பையும் நட்சத்திரங்களும்'. புதிய கட்டடம் 1966 ஜூலை 18ஆம் தேதி திறக்கப்பட்டது. 1997இல் கானர் மெக்ஃபர்சன் எழுதிய 'அணை' என்னும் நாடகம், குழாயில் கின்னஸ் வராத ஒரு கிராமத்துக் கடையில், பழைய தோழர்கள் சிலர் ஊருக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு ஆவிக் கதைகள் சொல்வதையும், அவள் இறந்த தன் மகளைப் பற்றிச் சொன்னதும் அவர்கள் வாயடைத்துப் போவதையும் காட்டியது. அதற்காக எவரும் கலகம் செய்யவில்லை.

நம் தமிழ்நாட்டு நாடக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓகேஸியின் இந்த நாடகத்தைத் தமிழில் ஆக்க முன்வருபவர்கள், சபையின் மனம் நோகுமே என்று அஞ்சி இரண்டாம் அங்கத்தைக் குறைத்துவிடாதீர்கள். மதுக்கடையை வேறு கௌரவமான இடமாக மாற்றியும் விடாதீர்கள். ரோஸியும் இருக்கட்டும், கொடிகளும் இருக்கட்டும், தரையில் கிடக்கும் குழந்தையும் இருக்கட்டும். பெஸ்ஸியின் பாகத்தை மட்டும் உங்கள் குழுவிலேயே தேர்ந்த நடிகைக்குக் கொடுங்கள்.